அமெரிக்க மாவுச் சாக்குத் தலையணை

எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்யலாம். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

எழுபத்தெட்டாம் வருஷம். அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரியில் ராத்திரிக் காவல் பார்த்த வெள்ளைச்சாமி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பகலில் தூங்குகிறவர். அன்று காலை தலை சாய்த்ததும் காதுக்கடியில், சருகுக்குள் ஏதோ புரண்டு படுக்கிற மாதிரி, கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது, நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டது போல மறுபடி கேட்டது.

அவர் மனைவி செல்வம்மாள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். அமெரிக்க மாவு வந்த வெள்ளைச் சாக்கைப் பிரித்து இரண்டு தலையணை உறை தைத்திருந்தாள். ஒன்று அவருக்கு, இன்னொன்று ஐந்து வயது மகள் மலர்க்கொடிக்கு.

தையலைப் பிரித்தால், இந்த வட்டாரத்து மரம் எதிலும் இல்லாத ஓர் இலைச் சருகு. அதற்குள் பட்டுக் கூடு. கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்த பூச்சி, உள்ளங்கை அகலம், இளம்பச்சை நிறம், நீளமாய் இரண்டு வால், சுவரேறி ஈர இறக்கையைத் தொங்கவிட்டது.

பக்கத்து வீட்டு உத்திராபதி வாத்தியார் வந்து பார்த்தார்.

"அமெரிக்கக் காட்டுப் பூச்சி வெள்ளைச்சாமி. அங்க அக்ரூட் மரத்து இலையைத் தின்னு புழுவா வளரும். சருகோட விழுந்து கூட்டுல கிடக்கும். றெக்கை வந்துட்டா திங்காது."

"ஏன் சார்?"

"வாயே கிடையாது. ஒரு வாரந்தான் உசுரு."

செல்வம்மாள் சிரித்தாள். "உங்களுக்கும் அப்படி இருந்தா அரிசியாவது மிஞ்சுங்க."

மறுநாள் பிற்பகல் வெள்ளைச்சாமி விழித்தபோது அறையெங்கும் பழைய மாவும் நனைந்த சருகுமாய் வாடை. எழப் பார்த்தார். போர்வை விரலோடு ஒட்டி, நூல் நூலாய் இழுத்தது. கை வரவில்லை. கால் வரவில்லை. நாக்கால் துழாவினார். உதடு பிரிகிற இடமே இல்லை.

கதவு திறந்தது. மலர்க்கொடி. தன் தலையணையை இழுத்துக்கொண்டு வந்து எதிரே போட்டாள்.

அதற்குள்ளிருந்து கரகர.

படுக்காதே பாப்பா. கத்தினார். மூக்கில் ஒரு முனகல்தான் வந்தது. கொல்லையில் செல்வம்மாள் பாத்திரம் தேய்க்கிறாள். கூப்பிட்டால் நாலே எட்டு.

பிள்ளை தலை சாய்த்தாள்.

கரகர. நின்றது.

"அப்..."

அவ்வளவுதான். மெல்லத் திரும்பினாள். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. மூக்குக்குக் கீழே, மோவாய் வரை, வெறும் தோல்.

இத்தனையும் வெள்ளைச்சாமியே, மறுவாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில், வாய் நிறைய வெற்றிலையோடு சொன்னது.