கல் மடி

மாதாவின் கல் மடியில் மறுபடியும் தண்ணீர் நின்றது. கஜானி அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஈரமே இல்லை. மழை இன்னும் கடற்பக்கம்தான் இருட்டிக்கொண்டு நின்றது. பஞ்சை முகர்ந்தாள். படகின் அடியில் நாட்பட்டுக் கிடக்கும் தண்ணீரின் வாடை.

"கூரை ஒழுகேல்லை பிள்ளை, ஆளை ஏத்திப் பாத்தனான்," என்றார் பங்குத்தந்தை கிறிஸ்துநாயகம். "பறங்கியர் கப்பலிலை கொண்டுவந்த கல். உப்பு ஊறியிருக்கும்." நோயாளி ஒருவரைப் பார்க்க அவர் கிளம்பிப் போனார்.

பழைய சிற்பங்களைச் சுத்தம் செய்வது கஜானியின் தொழில். தேவாலயச் சுவரில் பதித்திருந்த அந்தப் புடைப்புச் சிற்பத்தை, மெழுகு போன்ற வெள்ளைக் கல்லில் ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் எவனோ செதுக்கியிருந்தான். சிலுவையிலிருந்து இறக்கிய மகன் தாயின் மடியில் கிடக்கிறான். சுற்றிலும் பெண்கள் குனிந்து அழுகிறார்கள். இறந்தவனின் முகம் மட்டும் இன்னும் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இருந்தது.

அந்தப் பெண்களைத் துடைக்கும்போதெல்லாம் அம்மாவின் நினைவு வந்தது. தம்பி தனோஜன் வல்வெட்டித்துறையிலிருந்து கடலுக்குப் போய் ஒரு வருடம். படகு மட்டும் கரையொதுங்கியது. அம்மா கேதீஸ்வரி அழவும் இல்லை, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்ய விடவும் இல்லை. "உடம்பைக் காட்டுங்கோ, பிறகு அழுறன்," என்பாள்.

மழை பிடித்தது. ஓட்டில் அது அடித்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தமும் இருந்தது. ஈர மணலில் எதையோ இழுத்து வருவதுபோல, விட்டுவிட்டு, கல்லுக்குள்ளிருந்து. கேட்காததுபோல அவள் கத்தி நுனியால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். நெற்றி. மூக்கு. திறந்த வாய். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. தாடி இல்லை. நாடியில் தூண்டில் கீறிய தழும்பு.

தம்பி.

கத்தி கீழே விழுந்தது.

"கஜானி, மழை விடாது போலை. குடை கொண்டுவந்தனான்." வாசலில் அம்மா.

"உள்ளுக்கை வராதேங்கோ அம்மா!"

துணியை எடுத்துச் சிற்பத்தின் மேல் போட்டாள். துணி உடனே நனைந்தது. முகத்தோடு ஒட்டியது. வாய்க்கு நேரே உள்ளே இழுபட்டது. வெளியே ஊதியது. மறுபடி உள்ளே.

அம்மா அவளைத் தள்ளிவிட்டுத் துணியை உருவினாள். பார்த்தாள். ஒரு வருடமாக வராத ஓலம் அப்போது வந்தது. தாங்க முடியாமல் கஜானி கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொண்டாள்.

கண் திறந்தபோது கல் மாதாவின் மடி வெறுமையாக இருந்தது. சுற்றியிருந்த பெண்களின் முகங்கள் தரைப் பக்கம் திரும்பியிருந்தன.

தரையில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்று. வெளுத்து. கனத்து. தண்ணீர் சொட்டச் சொட்ட.

"பிள்ளைக்குக் குளிருதாம்," என்றாள், அதன் தலையைத் தடவியபடி. "துவாய் ஒண்டு கொண்டா."

கஜானியால் அசைய முடியவில்லை. மடியில் கிடந்ததன் கல் விரல்கள் அம்மாவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. பிடித்த இடத்திலிருந்து அம்மாவின் கை, மெழுகு போல, மேல்நோக்கி வெளுத்துக்கொண்டே போனது.