இருபத்தேழாம் கட்டத்தின் அடித்தளம்

மாதிரி நகரத்தின் மேசைகளைச் சுற்றித் தொங்கும் கருந்துணியை எவரும் விலக்கிப் பார்ப்பதில்லை. அப்படியொரு விதி எந்த ஆவணத்திலும் இல்லை. ஆயினும் உப்பாற்றூரில் அதை மீறியவர் எவருமில்லை. குழந்தையின் பந்து துணிக்கடியில் உருண்டு போனால், பெற்றோர் புதுப் பந்து வாங்கித் தந்தார்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கத்தில் கடற்கரைச் சாலையின் மூன்று கட்டடங்கள் சரிந்தன. அதன் பிறகு சட்டம் வந்தது. எந்தக் கட்டடமும் முதலில், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் சிறு கட்டைகளால் மாதிரியாகக் கட்டப்பட்டு, நிலநடுக்கம்போல் அதிரவைக்கும் குலுக்கியின் மேல் தொண்ணூறு நொடி நிற்க வேண்டும். நின்றால் அனுமதி, அதன்பின் 'எழுப்பி' எனும் இயந்திரங்கள் பன்னிரண்டே நாளில் உண்மைக் கட்டடத்தைக் கட்டி முடித்துவிடும். நகரம் நாற்பத்திரண்டு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கட்டத்துக்கு ஒரு மேசை. மேற்பலகையின் அடியில், அந்தந்த இடத்து மண்ணும் ஈரமும் அடைத்த மண்பைகள். மேசைகளைத் திருகாணியால் இணைத்தால் மாதிரி நகரம்.

அத்தனை மேசைகளையும் செய்தவள் ஜெசிந்தா. முதல் ஆண்டுக் கண்காட்சிக்கு லாரியில் கொண்டுபோனபோது ஒரு மேசை நொடித்து, அமைச்சரின் முன்னிலையில் அதன் மேலிருந்த மாதிரி மணிக்கூண்டு கவிழ்ந்தது. கூட்டம் சிரித்தது. அந்த அவமானத்தில் அவள் ஒவ்வொரு மேசையின் அடியிலும், பாரம் மண்பைகளில் அழுந்தாதபடி குறுக்குப் பலகைகளை இறுக்கினாள். ஆடாத மேசையே நல்ல மேசை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சோதனையின்போது அவற்றைக் கழற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அதன்பின் எந்தக் கட்டடமும் தோற்கவில்லை. ஊர் தன் பொறியாளர்களை மெச்சிக்கொண்டது.

நேற்றுப் பிற்பகல், இருபத்தேழாம் கட்டத்தில் கிழிந்த மண்பையை மாற்றுவதற்காக அவள் பலகைகளைக் கழற்றினாள். பழைய உப்பளத்தின் மேல் எழவிருக்கும் இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு அந்த மேசையில் நின்றிருந்தது. பலகைகளைத் திரும்ப மாட்டுவதற்கு முன் குலுக்கியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

இன்று காலை, சோதனையைக் காண ஊர் கூடியிருந்த மண்டபத்தில், சோதனை அதிகாரி ஆவுடையப்பன் அவளைத் தூணோரம் அழைத்தார்.

"பலகையை மாட்டிட்டீங்கல்ல?"

"மாட்டியாச்சு சார். கட்டைகளையும் திரும்ப அடுக்கியாச்சு."

"அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"முப்பத்தோராவது நொடியில விழுந்துட்டு சார். இருபத்திரண்டு மாடியும்."

"நாற்காலிக் காலை உருவிட்டு உக்காந்தா விழத்தான் செய்யும்."

"உப்பளத்துக்கு அடியில யாரு சார் பலகை போட்டிருக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பலகையை இந்த ஒண்ணுல எடுத்தா நாப்பத்திரண்டுலயும் எடுக்கச் சொல்லுவாங்க. நாம நிக்கிற மண்டபம் பதினாலாம் கட்டம். உங்க வீடு ஒன்பது. ஊரே அனுமதி இல்லாத ஊராயிரும். உங்களை என்ன செய்வாங்கன்னு நான் சொல்லணுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் பேச்சியம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குடியிருப்புக்காக ஆறு ஆண்டுகளாகத் தகரக் கொட்டகையில் காத்திருக்கும் குடும்பங்களில் ஒன்று அவளுடையது.

"யக்கா, எனக்குப் பத்தொன்பதாவது மாடி. அங்கன இருந்து பாத்தா கப்பல் தெரியுமாம். எங்க வீட்டுக்காரருக்கு இப்பவே தலை சுத்துதாம்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"நீங்க செஞ்ச மேசைன்னு சொன்னாவ. பொறவு என்ன பயம்?"

குலுக்கி இயங்கியது. மேசை சீராக அதிர்ந்தது. கட்டைக் கோபுரம் ஓர் அங்குலமும் சாயவில்லை. தொண்ணூறாவது நொடியில் மண்டபம் கைதட்டியது. வழக்கப்படி அடித்தளம் செய்தவள் அனுமதிப் பலகத்தில் உள்ளங்கையை வைத்து ஒப்புதல் தர வேண்டும். ஆவுடையப்பன் ஒலிவாங்கியில் அவள் பெயரைச் சொன்னார்.

ஜெசிந்தா பலகத்தைக் கடந்து சென்று மேசையருகே மண்டியிட்டாள். கருந்துணியை இரு கைகளாலும் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி மேசை விளிம்பில் முடிச்சிட்டாள்.

"பேச்சி, இங்க வந்து குனிஞ்சு பாரு. இவ்வளவு நேரம் நின்னது இந்தப் பலகை. உன் வீடு இல்ல."

"ஜெசிந்தாம்மா, துணியை விடுங்க," என்றார் ஆவுடையப்பன். ஒலிவாங்கியை அணைக்க அவர் மறந்திருந்தார்.

"இத்தனை வருசமா விட்டுத்தான் வச்சிருந்தேன் சார்."

திருப்புளியை எடுத்து நான்கு திருகுகளைக் கழற்றினாள். பலகைகள் தரையில் விழுந்தன. குலுக்கியின் பொத்தானை அவளே அழுத்தினாள். மண்டபம் முழுவதும் நொடிகளை எண்ணத் தொடங்கியது. முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பத்தொன்பதாம் மாடியின் கட்டைகள் பேச்சியம்மாளின் காலடிவரை சிதறின. அவள் அவற்றில் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஜெசிந்தாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க வீட்டு மேசை எங்கக்கா?"

"ஒன்பது. அதையும் கழட்டத்தான் போறேன். மொதல்ல இது."

ஜெசிந்தா நடந்து சென்று, பதினான்காம் கட்டத்தின் துணியை உயர்த்திப் பிடித்தாள். கூட்டம் குனியவில்லை. எல்லோரும் அண்ணாந்து, தாங்கள் நின்றிருந்த அந்த மண்டபத்தின் கூரையைப் பார்த்தார்கள்.