பால் காய்ச்சியவள்

கடுகு டப்பா இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வேதாவைச் சமையலறை வாசலிலேயே நிறுத்தியது அதுதான்.

டெல்லியில், ரோகிணிப் பகுதியில் இருந்த வீட்டில் அவள் கடுகை அடுப்புக்கு வலது பக்கம், மஞ்சள் பொடிக்குப் பின்னால் ஒளித்து வைத்த மாதிரி வைப்பாள். பெருங்காயம் பழைய காபித்தூள் பாட்டிலுக்குள். தீப்பெட்டி ஜன்னல் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில். ஐதராபாத் உப்பலில் இருக்கும் இந்த வீட்டுக்குள் இப்போதுதான் முதல்முறையாகக் கால் வைத்திருக்கிறாள், பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. ஆனால் சமையலறை முழுக்க அவள் கையால் அடுக்கியது போலவே அடுக்கப்பட்டிருந்தது. பதினோரு வருடம் குடும்பம் நடத்திய சந்திரமோகனுக்குச் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்றைக்கும் தெரியாது.

"கிச்சனை யாருங்க அடுக்குனது?"

"எல்லாம் அடுக்கியாச்சுல்ல? வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத வேதா" என்றான் அவன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருபத்தாறு மணி நேர ரயில் அலுப்போடு அவளுக்குக் கோபமும் தலைக்கேறியது. கோபம் இன்று நேற்று வந்ததல்ல. ஐதராபாத்தில் பெரிய கம்பெனி, பெரிய சம்பளம் என்று மார்ச் மாதம் அவன் வந்து சொன்னது செய்தி, யோசனை இல்லை. பதினான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் 'உனக்கென்ன, எந்த ஊர்லயும் ஸ்கூல் இருக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். ஜூனில் சாமான்களை லாரியில் ஏற்றி, பத்து வயது நிகிலையும் ஆறு வயது ரஷ்மியையும் கூட்டிக்கொண்டு அவன் முதலில் கிளம்பினான். பள்ளிக்கூடம் நோட்டீஸ் காலம் முடியாமல் விடாது என்றதால், வேதா ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சூட்கேஸோடு கிடந்துவிட்டு ஆகஸ்டில் வந்து சேர்ந்தாள். வந்த வீட்டில் அவளுக்கு வேலை எதுவும் பாக்கி இல்லை.

வீட்டுக்குள் ஒரு வாசனையும் இருந்தது. பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த பாலின் வாசனை, அதன் அடியில் ஈர மஞ்சளும் பிழிந்து உலர்த்தாத துணியும் சேர்ந்த ஏதோ ஒன்று. ஜன்னலை எல்லாம் திறந்துவைத்தாள். மழைக்காற்று உள்ளே வந்ததே தவிர வாசனை போகவில்லை. அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், துடைத்துச் சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்து வந்தபோது மேடையில் மூன்று டிபன் டப்பாக்கள் மூடி தயாராக இருந்தன. அவரவர் டப்பாவை எடுத்து அவரவர் பையில் போட்டுக்கொண்டார்கள். யார் கட்டியது என்று யாரும் கேட்கவில்லை. வேதா சீப்பை எடுத்துக்கொண்டு ரஷ்மியைக் கூப்பிட்டாள். குழந்தை தலையைத் திருப்பிக் காட்டியது. இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன், வகிடு நூல் பிடித்தாற்போல்.

"மம்மா நே கர் தியா" என்றாள் ரஷ்மி. டெல்லியில் பிறந்த பிள்ளைகள், தமிழில் கேட்டால் இந்தியில்தான் பதில் வரும். அம்மாதான் பின்னிவிட்டாச்சே என்கிறாள்.

"நான் எப்போடி பின்னுனேன்?"

ரஷ்மி அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளைத் தாண்டிச் சமையலறைக் கதவைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட ஆட்டோவுக்கு ஓடினாள்.

அன்று பகல் முழுக்க வேதா வீட்டைக் குடைந்தாள். எவளையோ கொண்டுவந்து வைத்திருக்கிறான், அதுதான் விஷயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரி, பரண், கட்டில் அடி எல்லாவற்றையும் புரட்டினாள். வேறொருத்தியின் சேலை இல்லை, செருப்பு இல்லை, வளையல் துண்டு இல்லை. சீப்பில் மட்டும் முடி இருந்தது. நீளமான முடி, அதில் மூன்று இழை நரை. காதோரம் தனக்கிருக்கும் மூன்று நரைகளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். ரயிலிறங்கியதிலிருந்து அவள் இன்னும் தலை வாரவில்லை.

மூன்றாம் நாள் சாயந்திரம் கேட்டைத் தட்டிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். பின்தெரு ருக்மிணி, கணவர் மத்திய அரசு கம்பெனி ஒன்றில் வேலை, இங்கே வந்து முப்பது வருடம். ஒரு தமிழ்க் குரல் கேட்டதே வேதாவுக்கு ஆறுதலாக இருந்தது.

"நீங்க வேதாவோட அக்காவா? ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?"

"நான்தாங்க வேதா."

ருக்மிணி சிரித்தார். "அரே, விளையாட்டு நக்கோம்மா, வேணாம். வேதாவ நான் தினம் பாக்கறேனே. அஞ்சரைக்கு மாடில துணி எடுக்கறது எங்க பால்கனிலேர்ந்து நல்லாத் தெரியும். மெரூன் சேலை. ஒன்றரை மாசமாப் பாக்கறேன்."

வேதாவின் மெரூன் சேலை சாமான்களோடு ஜூனிலேயே லாரியில் வந்தது.

"முகத்தப் பாத்திருக்கீங்களா?"

"ஹவ், ஆமா, அது ஒண்ணு. எப்பவும் முதுகுதான். கூப்பிட்டா தலையாட்டுவாங்க, திரும்ப மாட்டாங்க. புது ஊரு, கூச்சம்னு விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே அவர் அண்ணாந்து மொட்டை மாடியைப் பார்த்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. காபிகூட வேண்டாமென்று அவசரமாகக் கிளம்பிவிட்டார். வேதாவுக்கு அண்ணாந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. மேலே கொடிக்கயிறு கிறீச் கிறீச்சென்று ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிரவு அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பால் காய்ச்சுனது யாரு?"

"அதான் அன்னைக்கே போன்ல சொன்னேனே."

"திரும்பச் சொல்லுங்க."

அவன் சலித்துக்கொண்டே சொன்னான். ஆடி பிறந்துவிட்டால் வீடு குடிபோக முடியாது. அதற்கு முன்னால் கிடைத்த நல்ல நாளில் வேதா டெல்லியில் இருந்தாள். பெண்டாட்டி இல்லாமல் எப்படிப் பால் காய்ச்சுவது என்று அவளையே போனில் கேட்டான். அவள் சொன்ன பதில் வேதாவுக்கும் இப்போது ஞாபகம் வந்தது. 'எவளையாவது சுமங்கலியாக் கூப்பிட்டுக் காய்ச்சிக்கோங்க, நான் எதுக்கு?' என்று கத்திவிட்டு போனை வைத்தவள் அவள்தான்.

"காலைல ஆறு மணிக்குக் கதவத் தொறந்தா வாசல்ல ஒரு அம்மா நிக்கறாங்க. உள்ள வாங்கன்னேன். குடத்தோட வலது கால் வச்சு வந்தாங்க. பால் நல்லாப் பொங்குச்சு. பிள்ளைங்களுக்கு முதல்ல ஊத்திக் கொடுத்தாங்க."

"எந்த வீட்டம்மா?"

"பக்கத்து வீடுன்னு நெனச்சேன்."

"ரெண்டு பக்கமும் வெறும் பாறைதானே இருக்கு! வீடு எங்க இருக்கு?"

அவன் செல்போனை எடுத்துப் பார்த்தான்.

"போகும்போது வெத்தல பாக்கு கொடுத்தீங்களா?"

"யாரு கொடுக்கறது? நீதான் இல்லியே. ஆம்பள நான் போய் எப்படிக் குங்குமம் கொடுப்பேன்?"

"அவ போனதப் பாத்தீங்களா?"

"எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு வேதா."

"தினம் யாரு சமைச்சான்னாவது கேட்டீங்களா?"

"வந்து பாத்தா இருந்துச்சு. சாப்பிட்டேன். அதுல என்ன கேக்கறதுக்கு இருக்கு?"

வேதாவுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பதினோரு வருடம் அவள் சமைத்துவைத்ததும் அவனுக்கு அப்படித்தானே இருந்திருக்கிறது. வந்து பார்த்தால் இருக்கும், சாப்பிடுவான். சமைக்கிற கை மாறினால் இவனுக்கு எப்படித் தெரியும்? தெரியவே தெரியாது. பயத்தைவிட அந்த நினைப்புதான் அவளை எரித்தது. அன்றிரவு அவள் பிள்ளைகளுக்கு நடுவில் படுத்தாள். நடுவில் ஒருமுறை ரஷ்மி தூக்கத்தில் புரண்டு, அவளுக்கு முதுகு காட்டி, சுவர்ப் பக்கமாகக் கையை நீட்டி எதையோ கட்டிக்கொண்டது.

விட்டுவிட அவள் தயாராக இல்லை. வேலையைப் பறித்தாயிற்று, ஊரைப் பறித்தாயிற்று. வீட்டையும் பிள்ளைகளையும் எவளுக்கோ தூக்கிக் கொடுக்க அவளுக்கென்ன கிறுக்கா? அழைத்த சுமங்கலிக்குத் தாம்பூலம் கொடுத்து அனுப்பாதது குறை. கொடுத்துவிட்டால் கிளம்பித்தானே ஆக வேண்டும்? அம்மா வீட்டில் பார்த்துப் பார்த்து வளர்ந்த கணக்கு அது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம், பச்சை ரவிக்கைத் துணி எல்லாம் வாங்கிவந்தாள்.

ஆடி வெள்ளிக்கிழமை. சாயந்திரம் ஆறு மணி. பகலெல்லாம் மூடிக்கிடந்த வானம் ஊற்றத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளை உள்ளறையில் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, கூடத்தில் பாயைக் கிழக்கு பார்த்து விரித்து, எதிரே தட்டை வைத்து, விளக்கேற்றிவிட்டு நின்றாள். கரண்ட் போனது. டிவி அடங்கியதும் மழையின் இரைச்சல் வீடு முழுக்க நிறைந்தது. பிள்ளைகள் ஒரு சத்தமும் போடவில்லை.

"வாங்க. வந்து உக்காருங்க" என்றாள். குரல் நடுங்கியதில் அவள்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது. "என் பிள்ளைங்கள இத்தன நாள் பாத்துக்கிட்டீங்க. இதை வாங்கிக்கிட்டுக் கிளம்புங்க." போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதை மட்டும் சொல்லக் கூடாதென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சமையலறையில் பால் பொங்கும் ஓசை கேட்டது. அடுப்பில் எதுவும் இல்லை, அவளே பார்த்துவிட்டு வந்திருந்தாள். தீய்ந்த வாசனை கூடத்துக்குள் வந்தது. ஈரக் கால் தரையில் ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம். ஒன்று. இன்னொன்று. விளக்கு படபடத்தது.

விளக்கு அணைந்தது.

இருட்டில் வளையல் குலுங்கியது. அவளுடைய வளையல் சத்தம். அவள் கையை அசைக்கவில்லை.

நெற்றியில் ஒரு விரல் பட்டது. குளிர்ந்த விரல். ஈரமான குங்குமம். எதிரே தட்டு தரையிலிருந்து எழும் சத்தம். வெற்றிலையின் பச்சை வாசனை மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"எடுத்துக்கோங்க" என்றது ஒரு குரல். வேதாவின் குரல்.

தாம்பூலம் நீட்டினால் மறுக்கக் கூடாது. ஐந்து வயதிலிருந்து எத்தனை கொலு, எத்தனை கல்யாணம், எத்தனை வரலட்சுமி நோன்பு. வேண்டாம் என்று மனது கத்தியது. கைகளுக்கு அது கேட்கவில்லை. அவை பாட்டுக்குப் பழக்க தோஷத்தில் முந்தானையை விரித்து நீட்டின. வெற்றிலை விழுந்தது. பழம் விழுந்தது. ரவிக்கைத் துணி விழுந்தது.

மழை அவள் தலையில் விழுந்தது.

கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் தாம்பூலம் கனத்தது. வீட்டில் கரண்ட் வந்திருந்தது. கேட்டைத் தள்ளினாள், பூட்டியிருந்தது. "நிகில்! டேய் நிகில்!" என்று கத்தினாள். கதவு திறந்து நிகில் எட்டிப் பார்த்தான். மழையில் நிற்பவளை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"ஆன்ட்டி, கிஸ்ஸே மில்னா ஹை?"

யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறான். பெற்ற பிள்ளை. அவள் கேட் கம்பியைப் பிடித்து உலுக்கும்போதே பின்னால் பைக் வந்து நின்றது. சந்திரமோகன் தலைக்கவசத்தைக் கழற்றினான், செல்போனை மழைபடாமல் சட்டைப்பைக்குள் திணித்தான், கேட்டின் பூட்டைத் திறந்தான். அவள் முந்தானையில் இருந்ததை ஒருமுறை பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"வெத்தல பாக்கு வாங்கிட்டீங்களா?" என்றான் மரியாதையாக. "இருட்டிடுச்சு. பாத்துப் போங்கம்மா."

அவன் கையைப் பிடித்தாள். அவன் கூச்சத்தோடு விடுவித்துக்கொண்டு உள்ளே போனான். கேட் மூடியது. வாசலில் மெரூன் சேலைக் கை ஒன்று நீண்டு அவன் டப்பாவை வாங்கிக்கொண்டது.

ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. பாயில் ரஷ்மி. அவள் பின்னால், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெரூன் சேலையில், சீப்போடு அந்தப் பெண். பிறகு மெல்லத் திரும்பினாள்.

வேதாவின் நெற்றி. வேதாவின் மூக்குத்தி. வேதாவின் கண்கள். வேதாவின் வாய். அந்த வாய் சிரித்தது.

அத்தனை வருடக் கோபமும் திரண்டு வந்தது வேதாவுக்கு. கத்தினாள். சத்தம் வரவில்லை. கையைத் தூக்கி முகத்தைத் தொட்டாள். நெற்றியில் குங்குமம் ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே இறங்கிய விரல்கள் எங்கேயும் தட்டாமல், எதிலும் தடுக்காமல், தாடை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயின.