மஞ்சள் டேப் ஒட்டிய ஜோடி

“தள்ளுங்க... தள்ளுங்க... ஐயோ, தள்ளுங்கன்னு சொல்றேன்ல!”

இஷ்பெல் கத்தியது அந்த மலைச்சரிவு முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் பனி வேலியின் ஓரமாக நின்று தெர்மாஸ் மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் மட்டும் நகரவில்லை. அவள் திரும்பிவிடுவாள் என்று நினைத்தான் போல. அவளும் அப்படித்தான் நினைத்தாள்... அவள் காலடியில் இருந்த ஸ்கீ மட்டும் அப்படி நினைக்கவில்லை. கண்ணாடியாய் இறுகிக்கிடந்த ஐஸில் அது பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய்...

மோதிய வேகத்தில் இரண்டு பேரும் வேலியோடு சாய்ந்தார்கள். சூடான தேநீர் அவள் கையுறையை நனைத்தது.

“அடி ஏதாவது பட்டுதா?” மூச்சு வாங்கக் கேட்டாள்.

“எனக்கு இல்ல. என் டீக்குத்தான்.”

நிமிர்ந்து பார்த்தாள். மழைக்கு முன்னால் ஏரித் தண்ணீர் ஒரு நிறம் கொள்ளுமே, சாம்பலும் பச்சையும் கலந்து... அந்த நிறத்தில் இரண்டு கண்கள். இமைகளில் சாரல் உறைந்து, பொடிப் பொடியாக மின்னியது. இஷ்பெலுக்கு ஒரு நொடி என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் காலடியைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இந்த ஸ்கீயை யார் செலக்ட் பண்ணது?”

“ஏன்?”

“இது இடுப்பளவு புதுப் பனியில மிதக்கறதுக்குன்னு செஞ்சது. நம்ம ஸ்காட்லாந்துல அப்படிப் பனி கடைசியா விழுந்தப்போ நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். இங்க காலையில ஐஸ், மத்தியானம் கஞ்சி, நடுவுல கல்லு. உங்களைப் பிடிக்காதவங்க யாரோதான் இதை வாங்கிக் கொடுத்திருக்கணும்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவள் முகம் சுருங்கிவிட்டது.

“நானேதான் வாங்கினேன்” என்றாள் வெடுக்கென்று. “உங்க டீக்கு சாரி.”

விறுவிறுவென்று கிளம்பினாள். கார் நிற்கும் இடம் வருவதற்குள் மூன்று முறை விழுந்தாள். மூன்று முறையும் அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்... அதுதான் விழுந்ததைவிட அதிகமாக வலித்தது.

இஷ்பெல் மெக்காலே அந்தப் பள்ளத்தாக்கின் கால்நடை மருத்துவர். முப்பத்தொரு வயது. எருமை மாதிரி முரண்டு பிடிக்கும் ஹைலண்ட் காளையைக்கூடக் கொம்பைப் பிடித்து நிறுத்திவிடுவாள். அவளுக்கு நிச்சயமாகியிருந்த அலிஸ்டரிடம் மட்டும் அவளால் ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடிந்ததில்லை. திரைச்சீலையின் நிறம், ஓட்டலில் அவள் என்ன சாப்பிட வேண்டும், கல்யாணத்துக்கு எந்த மாதம்... எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே வாசகம். “உனக்கு இதுதான் சரி, இஷ்.” அந்த ஸ்கீயும் அவன் வாங்கித் தந்ததுதான். ஆல்ப்ஸுக்குப் போவதாக இருந்தது. போகவில்லை. இலையுதிர் காலத்தில் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தபோது, ஸ்கீயை மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள்.

மூன்றாவது முறை விழுந்தபோது ஒரு கல் இடித்து, இடது ஸ்கீயின் இரும்பு விளிம்பு பிய்ந்து தொங்கியது. திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு ஊரில் இருக்கும் ஒரே ஸ்கீ கடைக்குப் போனாள். கதவு மணி ஒலித்ததும் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.

அதே ஏரி நிறக் கண்கள்!

“வாங்க வாங்க... இன்னிக்கு டீயைப் பத்திரமா உள்ளே வச்சுட்டேன்.”

“உங்க கடையா?” அவள் குரல் இறங்கிவிட்டது.

“எங்க அக்கா கடை. நான் மெக்கானிக். பேரு மர்டோ.” ஸ்கீயை வாங்கி, பிய்ந்த விளிம்பை விரலால் தடவினான். அந்த விரல்களில் ஒரு மென்மை இருந்தது... அடிபட்ட நாய்க்குட்டியைத் தொடுகிற மாதிரி. அவளுக்கு அது பிடித்துத் தொலைத்தது. “ரிப்பேர் பண்ணலாம். ஆனா பண்ணக் கூடாது. ஒரு நிமிஷம்...”

உள்ளே போய் வேறொரு ஜோடியோடு வந்தான். “இதை எடுத்துக்கங்க. லேசா வளையும், சொன்ன பேச்சு கேக்கும். உங்களுக்கு இதுதான் சரி.”

இஷ்பெலுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது.

“நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே.”

“கேக்கணுமா என்ன? நீங்க சறுக்கினதைத்தான் அஞ்சு நிமிஷம் பார்த்தேனே.”

“அஞ்சு நிமிஷத்துல என்னைத் தெரிஞ்சுபோச்சா? அலிஸ்டருக்காவது மூணு வருஷம் ஆச்சு!”

“யாரு அலிஸ்டர்?”

“இதை வாங்கிக் கொடுத்தவர்.”

“நானேதான் வாங்கினேன்னு...” என்று ஆரம்பித்தவன், அவள் கண்களைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டான். அவற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. விழவிட மாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எது சரின்னு சொல்ல ஒருத்தர் இருந்தது போதும். ரெண்டாவது ஆள் வேண்டாம், மிஸ்டர் மர்டோ.”

உடைந்த ஸ்கீயைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள். கதவு மணி வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

*ச்சே... ஒரு ஸ்கீக்காகவா இப்படிக் கத்தினேன்? அவன் என்ன நினைப்பான்?* இரண்டு நாள் இதே யோசனை. அவன் என்ன நினைத்தால் அவளுக்கு என்னவாம்? அதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டம். வரவேற்பில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். “டாக்டர், ஒருத்தர் வந்திருக்கார். எந்தப் பிராணியைக் கொண்டு வந்திருக்கீங்கன்னு கேட்டேன். ‘என்னையேதான்’ங்கறார்.”

ஒரு பூனைக் கூடைக்கும் ஆடு மேய்க்கும் நாய் ஒன்றுக்கும் நடுவில் மர்டோ உட்கார்ந்திருந்தான். தொப்பி கையில். முழங்காலுக்கிடையில் நான்கு ஜோடி ஸ்கீ. ஒவ்வொன்றின் மேலும் எழுத்து தெரியாதபடி டேப் சுற்றியிருந்தது. சிவப்பு, நீலம், கறுப்பு, மஞ்சள்.

“மன்னிப்பு கேக்க வந்தேன், டாக்டர்” என்றான் எழுந்து. “கேக்காம சொல்றது எனக்கொரு வியாதி. எங்க அக்காவே சொல்லுவா. இந்த நாலையும் சனிக்கிழமை போட்டுப் பாருங்க. உங்க பூட்ஸைக் கொடுத்தா, அதை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பூட்டை மட்டும் அளவெடுத்து மாட்டித் தரேன். எது என்ன கம்பெனி, எது எதுக்குன்னு வாயைத் திறக்க மாட்டேன். மலைப் பக்கமே வர மாட்டேன்.”

அந்த நாய் அவனை நம்பிவிட்டது. அவன் கையை நக்கியது. இஷ்பெல் இன்னும் நம்பவில்லை... ஆனாலும் பூட்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை விடியலில் மேல்சரிவெல்லாம் ஐஸ், கீழே கஞ்சி. முதலில் சிவப்பு. கடையில் அவன் நீட்டிய அதே ஜோடி என்று வளைந்த விதத்திலேயே தெரிந்தது. திருப்பம் சுலபம்தான், ஆனால் வேகம் கூடினால் ஐஸில் கிடுகிடுவென்று நடுங்கியது. நீலம் பனிக்கஞ்சியில் குதூகலமாகத் துள்ளியது, கல் ஒன்று உரசியதும் அடிப்பாகத்தில் நீளமாகக் கீறல். கறுப்பு கத்தி மாதிரி ஐஸைப் பிடித்தது. ஆனால் ராணுவ அதிகாரி மாதிரி... ஒரு கணம் சோர்ந்தால்கூட அதட்டியது. இரண்டு முறை இறங்குவதற்குள் தொடை எரிந்தது.

கடைசியில் மஞ்சள். கையில் தூக்கும்போதே கனம். தடித்த விளிம்பு, காலுக்குக் கீழே உறுதி, நுனியும் வாலும் மட்டும் சற்றே மேலே வளைந்து இளகியிருந்தன. ஐஸில் சாய்ந்தாள். பிடித்தது! அடுத்த மேட்டில் சும்மா ஒரு குதி குதித்துப் பார்த்தாள். கூடவே குதித்தது! கல்லில் உரசியும் ஒன்றும் ஆகவில்லை. தன்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்தாள் இஷ்பெல். எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து...

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடமாவது என்ன... அவனிடம்தான். அவனோ வர மாட்டேன் என்று சொல்லிவிட்டானே. கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால், கடை வேனுக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான் மர்டோ.

“மலைப் பக்கமே வர மாட்டேன்னீங்க?”

“கார் நிறுத்துற இடம் மலையில்லையே.” காது வரை சிவந்துவிட்டது அவனுக்கு.

“மஞ்சள்” என்றாள்.

“மஞ்சளா? நான் சிவப்புன்னு நினைச்சேன். உங்களுக்கு ஐஸைக் கண்டா பயம்னு...”

“பயம்தான். பயப்படறவளுக்குத்தானே நல்ல பிடி வேணும்? அதுக்காகத் துள்ள ஆசை இருக்காதா?”

மர்டோ ரொட்டியைக் கீழே வைத்தான். “தப்பு என்னோடது” என்றான் மெதுவாக. அலிஸ்டரின் வாயில் அவள் ஒருநாளும் கேட்காத வார்த்தை.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஷோனா. குரல் உடைந்திருந்தது. “டாக்டர், என் பசு விடியலிலிருந்து முக்குது. ஒரு கால்தான் வெளியில தெரியுது. இன்னொண்ணு வரவே இல்ல. ரோட்டுல மரம் ஏத்தின லாரி ஒண்ணு வழுக்கிக் குறுக்கே நிக்குதாம். சாயந்தரம் வரைக்கும் வழி இல்லங்கறாங்க. ரெண்டும் செத்துப் போயிடும் டாக்டர்...”

இஷ்பெல் உச்சியைப் பார்த்தாள். லிஃப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்து அந்தப் பக்கம் இறங்கினால் பண்ணை. பாதை கிடையாது. மேலே ஐஸ், நடுவில் கல்லும் புதரும், கீழே ஈரப் பனி. காரிலிருந்து கயிறும் மருந்தும் எடுத்து முதுகுப் பையில் திணித்தாள்.

“தனியா நீங்க அங்கே...” மர்டோ ஆரம்பித்தான். சட்டென்று நிறுத்தினான். பெரிய மூச்சு விட்டான். “நான் வரட்டுமா?”

அந்த ஒரு கேள்வி... அவளுக்குள் என்னவோ இளகியது.

“வாங்க.”

“முன்னாடி யாரு போறது?”

“நான்.”

வேனில் கிடந்த தன் ஸ்கீயை மர்டோ எடுத்துக்கொள்ள, இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். உச்சியில் காற்று ஆளைத் தூக்கியது. மழையும் பனியும் கலந்து முகத்தில் ஊசியாய்க் குத்தியது. அவள் பயத்தோடுதான் இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் விளிம்பு ஐஸைக் கடித்து நின்றது. கற்கள் வந்தன, உரசிக்கொண்டே தாண்டினாள். புதர் வந்தது, குதித்தாள். பின்னால் அவனுடைய ஸ்கீயின் சரசரப்பு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது காதில் விழும்போதெல்லாம் பயம் பாதியாய்க் குறைந்தது.

கீழே சமவெளி தெரிந்ததும் வேகமெடுத்தாள்.

“இஷ்பெல்! நில்லு! நில்லும்மா!”

யோசிக்கவில்லை. சாய்ந்து விளிம்பை அழுத்தினாள். ஸ்கீ நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, பனிக்கூரை பொலபொலவென்று இடிந்து விழுந்தது. அடியில் கருப்பாக ஓடை சீறிக்கொண்டு ஓடியது.

மர்டோ பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு பேரும் மேலே ஏறி, தள்ளியிருந்த ஒரு பாலம் வழியாகச் சுற்றிப் போனார்கள்.

கொட்டிலில் பசு தளர்ந்து கிடந்தது. இஷ்பெல் கையை முழங்கைக்கு மேல் சோப்பு போட்டுக் கழுவி உள்ளே விட்டாள். கன்றின் வலது முன்னங்கால் பின்னால் மடங்கியிருந்தது. தலையை மெல்ல உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அங்குலம் அங்குலமாக முன்னால் கொண்டு வந்தாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. மர்டோ துடைத்தானா, ஷோனா துடைத்தாளா, தெரியாது.

“இப்போ கயிறு. அது முக்கும்போது மட்டும் இழுங்க. கீழ்நோக்கி. அவசரம் வேண்டாம்.”

“சரி டாக்டர்.” மர்டோ சொன்னபடியே செய்தான்.

கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. அசைவில்லை. இஷ்பெல் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோல் துரும்பை நாசியில் விட்டாள்... ஒரு நொடி... இரண்டு... மூன்று...

தும்மியது!

ஷோனா ஓவென்று அழுதுவிட்டாள். பசு எழ முயன்று, கழுத்தை நீட்டிக் கன்றை நக்கத் தொடங்கியது. “இருங்க, சூப் சுட வச்சிட்டு வரேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷோனா வீட்டுக்குள் ஓடினாள். வாசலில் நின்று திரும்பி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சூப் சுட நேரமாகும்... அவசரமே இல்ல.”

தகரக் கூரையில் மழை. ஒரே வாளியில் இரண்டு பேரும் கை கழுவினார்கள்.

“மேலே... அப்படிக் கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க” என்றான் மர்டோ தண்ணீரைப் பார்த்தபடி. “கட்டளை போட்ட மாதிரி ஆயிடுச்சு. மரியாதை இல்லாம வேற...”

“எனக்குக் கட்டளை எப்படியிருக்கும்னு நல்லாவே தெரியும். அது கட்டளை இல்ல.”

“பின்னே?”

“நீங்கதான் சொல்லணும்.”

கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லுகிறவன், கேட்டதும் ஊமையாகிவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“சரி, நானே சொல்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, மர்டோ.”

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் இப்போது மழை வந்தேவிட்டது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, மெதுவாக நீட்டினான். தொடவில்லை. காத்திருந்தான். அவளே பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஓடைக்கரையில...” என்று ஆரம்பித்தான், “ஒரு நொடி நீ இல்லாம போயிட்டா என்ன பண்ணுவேன்னு நினைச்சுட்டேன். உன்னைத் தெரிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல. ஆனா பதில் எதுவும் தோணல, இஷ்பெல். எனக்கு உன்னை... நாளைக்கும் பார்க்கணும்.”

“நாளைக்கு மட்டுமா?”

“இல்ல” என்றான் மர்டோ. “நீ வேண்டாம்னு சொல்ற வரைக்கும்.”

கூரையில் மழை வலுத்தது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் தோளில் நெற்றியைச் சாய்த்து, வைக்கோலும் ஈரக் கம்பளியும் மணக்க, அப்படியே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.