சிலுவை போடாத கையெழுத்து

கடலூர் முதுநகரில் சகாயநாதன் வீட்டுக்கு நான் போனபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவன் செத்துப் பன்னிரண்டாம் நாள். சிதம்பரம் ரோட்டில் இருக்கும் கெமிக்கல் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அவன் என் கீழே வேலை பார்த்தவன். கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயு தாக்கி உள்ளேயே போய்விட்டான். முகமூடி கொடுத்தோம், அவன்தான் போடவில்லை என்று கம்பெனி எழுதிவிட்டது. மறுநாள் ஆர்.டி.ஓ. விசாரணை. "அந்தப் பொம்பளகிட்ட பக்குவமாப் பேசிட்டு வா" என்று மேனேஜர் என்னை அனுப்பினார். நானும் வெட்கங்கெட்டுப் போனேன்.

அவன் மனைவி சவரிமேரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்க தங்கராசண்ணே."

முகமூடி வாங்கியதாக அவன் பேரில் கையெழுத்து இருந்த பதிவேட்டின் நகலை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல சிலுவ இல்லியே."

"என்ன சிலுவம்மா?"

"எந்த எடத்துல பேரு எழுதுனாலும் முன்னாடி சின்னதா ஒரு சிலுவ போட்டுட்டுதாண்ணே அவரு எழுதுவாரு. கேஸ் சிலிண்டர் வாங்குனாக்கூட. இது யாரு போட்ட கையெழுத்து?"

ஒன்பது வருஷம் கூடவே இருந்தும் அதை நான் கவனித்ததில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. அழுகிய முட்டை வாடை, எங்கள் கழிவுத் தொட்டியின் வாடை. ஜன்னல் திறந்திருந்தது, வெளியே வெயில்கூட இறங்கவில்லை. வாடை உள்ளறையிலிருந்து வந்தது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

"வூட்ல யாரும்மா?"

"யாருமில்ல" என்றாள் மெதுவாக. "பன்னெண்டு நாளா இப்புடித்தான்."

இருமல் கிட்டே வந்தது.

நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

என் கழுத்தில் ஈர மூச்சு பட்டது.

ஐயோ, எனக்குத் தெரியாத மூச்சா அது? ஒரே டிபன் பாக்ஸில் என்னோடு தின்றவன்!

"நான்தாம்மா போட்டேன்!" என்று கத்திவிட்டேன். "அவன் செத்தப்புறம் மேனேஜர் சொல்லி நான்தான் போட்டேன். முகமூடி குடுக்கவே இல்ல. மூணு தடவ கேட்டான். பத்து நிமிஷ வேலடா, எறங்குடா மச்சான்னு நான்தான் எறக்கிவுட்டேன்."

இருமல் நின்றது.

சவரிமேரி ஓவென்று அழுதாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? கவனமில்லாம செத்தான்னு அவரு மேலயே பழி போட்டீங்களே! நாளைக்கு அங்க வந்து சொல்லுங்க. நானும் வுட மாட்டேன், அவரும் வுட மாட்டாரு."

மறுநாள் விசாரணையில் சொன்னேன். மேனேஜர் முறைக்க முறைக்க, ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போகும், ஜெயில்கூட இருக்கும். போகட்டும். என்ன சொன்னாலும் அவன் திரும்பி வரப்போவதில்லையே என்றுதான் நெஞ்சு வெடித்தது.

அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டே, "சரி, உட்காருங்க. பக்கத்துல நிக்கிறவரையும் உட்காரச் சொல்லுங்க" என்றார்.

என் பக்கத்தில் யாருமில்லை.

பெஞ்சில் இருந்த சவரிமேரி மட்டும் புடவையை ஒதுக்கிக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.