கட்டி வைத்த களை

காற்றே இல்லை. கேபின் கூரையில் கட்டியிருந்த சிவப்புத் துணி துவண்டு தொங்கியது. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு முன் ஏரிக் களையை அறுத்துக்கொண்டு வந்த பாதை பின்னால் மூடிக் கிடந்தது.

கரையில் எல்லோரும் ‘கேப்டன்’ என்று கிண்டலாக அழைக்கும் அந்தக் களையறுப்புப் படகின் ஓட்டுநர் மறுபடி திரும்பிப் பார்த்தார். ஆகாயத்தாமரை தானாக நகராது. வேர் தரையைத் தொடாமல் தொங்கும். காம்பின் அடியில் உப்பியிருக்கும் பஞ்சு முழுக்கக் காற்றறைகள் என்பதால் செடி மிதக்கும். விரிந்த இலையில் காற்று மோதித் தள்ளினால்தான் இடம் மாறும். ஒன்றோடொன்று தண்டு கோத்துக்கொண்டு மெத்தை போலப் பரவும். பன்னிரண்டு வருடமாக அதை அறுப்பவருக்கு இதெல்லாம் அத்துப்படி. காற்றில்லாமல் அது வழியை மூடி ஒருநாளும் பார்த்ததில்லை.

வாக்கிடாக்கியை எடுத்தார். கரையில் பொறுப்பில் இருந்தது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி.

“மாப்ள, வந்த வழி மூடிடுச்சு.”

“கப்பலைத் திருப்ப எடமில்லையா கேப்டனுக்கு? ரிவர்ஸ் எடுங்க மாமா.”

எடுத்தார். படகின் இரு பக்கமும் இருக்கும் துடுப்புச் சக்கரங்கள் அரைச் சுற்றுச் சுற்றி, முனகி, நின்றுவிட்டன. வேர் சிக்கியிருந்தது. அதை எடுக்க ஒரு முறை உண்டு. ஒருவர் இன்ஜின் சுவிட்சில் கை வைத்தபடி நிற்க வேண்டும், இன்னொருவர் குனிந்து பிடுங்க வேண்டும். அதனால்தான் படகில் எப்போதும் இரண்டு பேர் என்று விதி. இந்த வருடம் ஏரியைச் சுத்தம் செய்யத் தரும் நிதி பாதியாக வந்ததும் விதி தாளோடு நின்றுவிட்டது. மீட்புப் படகும் இன்ஜின் இல்லாமல் கரையில் கவிழ்ந்து கிடந்தது.

இந்த மூலைக்கு அவர் வந்திருக்கவே வேண்டாம். ஆனால் நிதி தருகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வானிலிருந்து எடுத்த படத்தில் ஏரியின் நடுப்பகுதி சுத்தமா என்றுதான் பார்ப்பார்கள். அறுத்த களையைக் கரையேற்றி லாரியில் அனுப்புவதுதான் பெரிய செலவு. அதனால் மூன்று வருடமாக எல்லாவற்றையும் இந்த மூலைக்குள் தள்ளி, வாய்ப்பக்கம் மிதவைக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். கீழே அழுகியது, அதன்மேல் முளைத்தது, அதற்கும் மேல் புதியது. படம் எடுக்கும் நாள் நெருங்கியதால், வெளியே கசிந்த களையை உள்ளே தள்ள வந்திருந்தார்.

மேலே பார்த்தால் பச்சைத் தரை மாதிரியே இருக்கும். கொக்கைத் தவிர வேறெதையும் தாங்காது. போன வருடம், கூட வேலை பார்த்த நெட்டை அதில் கால் வைத்துவிட்டான். ஆறடிக்கு மேல் உயரம், இரண்டு பேர் தூக்கும் களைக்கட்டைத் தனியாகத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பவன். இடுப்புவரை தெரிந்தான். பிறகு கை தெரிந்தது. பிறகு இலைகள் சேர்ந்துகொண்டன.

தேட வேண்டுமானால் மூலையைத் திறக்க வேண்டும். திறந்தால் கட்டி வைத்த களை வெளியே தெரியும், நிதி நிற்கும், எல்லோர் வேலையும் போகும். நெட்டை அன்று வேலைக்கே வரவில்லை என்று பதிவேட்டில் எழுதினார்கள். கீழே சாட்சிக் கையெழுத்து கேப்டனுடையது. நெட்டையின் மனைவி இன்னமும் மாதம் ஒருமுறை அலுவலக வாசலில் வந்து நின்று, “அண்ணே, ஏதாவது தெரிஞ்சுதா?” என்று அவரிடம்தான் கேட்பாள்.

இன்ஜினை அணைத்தார். டீசல் வாடை அடங்கியதும் அழுகல் வாடை எழுந்தது. அதோடு ஒரு சத்தம். விரலில் சொடுக்கு எடுப்பதுபோல, தூரத்தில், விட்டு விட்டு. காம்பின் காற்றறை உடைகிற சத்தம் அது. ஏதாவது அழுத்தினால்தான் உடையும்.

குனிந்து சக்கரத்துக்குள் கைவிட்டார். கறுத்த வேர்கள் ஈரக் கூந்தலாக வழுக்கின. ஒரு பிடி வந்தது. இரண்டாவது பிடி வரவில்லை. அவர் இழுத்தார். அதுவும் இழுத்தது.

கையை உதறிக்கொண்டு கேபினுக்குள் வந்து விழுந்தார்.

“மாப்ள, யாரையாவது அனுப்பு.”

“எதுல மாமா அனுப்புறது? கொஞ்சம் உக்காருங்க. காத்தடிச்சா தானா வழி விடும்.”

“மாப்ள, நெட்டை…”

 மச்சினனின் குரல் தணிந்து வந்தது.

“அந்தப் பேச்சை இதுல பேசாதீங்க. எல்லாருக்கும் கேக்கும்.”

“கேக்கட்டும். அவன் பொண்டாட்டிகிட்ட நாளைக்கே சொல்லிடுறேன்.”

“முதல்ல கரைக்கு வாங்க மாமா.”

கரை தெரிந்தது. வெயிலில் தகரக் கூரை மின்னியது. கூப்பிடு தூரம்தான். நடக்க முடியாது. நீந்தவும் முடியாது.

சொடுக்குச் சத்தம் இப்போது பக்கத்தில் கேட்டது. கேப்டன் எட்டிப் பார்த்தார். பத்து கஜம் தள்ளி, ஒரு முறம் அளவு இடத்தில் செடிகள் மேலே எழும்பி அடங்கின. அமுங்கவில்லை. எழும்பின. அதற்கடுத்து நாலடி இந்தப் பக்கம், இன்னொன்று. மறுபடி நாலடி. இடது. வலது.

கீழிருந்து யாரோ மெத்தையை மிதித்து நடக்கிறார்கள். தலை கீழே, பாதம் மேலே.

நீண்ட எட்டு. அவசரமில்லாத எட்டு.

படகின் விளிம்பில் நின்றது.

 காலுக்கடியில் இரும்புத் தகடு ஒருமுறை முனகியது. பிறகு, கீழே நின்றது தலைமாறித் தோள் கொடுத்ததுபோல, தளம் மெதுவாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. உயர்ந்தது. சிக்கிக்கொண்ட சக்கரங்கள் தண்ணீரைவிட்டு மேலே வந்து சொட்டின.

இன்ஜின் ஓடவில்லை. படகு நகர்ந்தது. கரையை விட்டு விலகி, மூலையின் உள்ளே, களை இன்னும் தடித்த இடத்துக்கு. இடது பக்கம் ஒரு அசைவு. வலது பக்கம் ஒரு அசைவு. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவரின் அசைவு.

“மாமா,” என்றது வாக்கிடாக்கி. “இன்ஜின் சத்தமே கேக்கலையே. எப்படிப் போறீங்க?”

படகுக்குப் பின்னால் இலைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன.