நீர்வாசலில் அவிழ்ந்த தலைப்பாகை

அந்திச் செவ்வானம் வெள்ளாற்று நீரில் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டிருக்க, கீழ்வானில் எழுந்த முழுமதி மருதங்கோட்டையின் கொத்தளங்களுக்கு வெள்ளி பூசத் தொடங்கிய அந்த இனிய வேளையில், நீர்வாசல் மாடத்தில் நின்ற கோட்டைத் தலைவி உமையாள்நங்கையின் உள்ளத்தில் மட்டும் எள்ளளவும் இனிமை இல்லை. அக்கரையில் பகைவர் பாசறை அமைத்திருந்தார்கள்.

அன்பார்ந்த வாசகர்களே, அவள் கவலையைச் சொல்லிவிடுகிறேன். கோட்டையின் ஒவ்வொரு வாசலையும் ஒவ்வோர் ஊர்ப்படை பரம்பரையாகக் காத்து வந்தது. சென்ற முற்றுகையில் கீழைவாசல் பற்றி எரிந்தபோது மேலைவாசல்காரர்கள், "அது அவர்கள் பாடு" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். அடடா, என்ன வீரம்! அதனால்தான் அயல்நாட்டுச் சாத்தன் காரியைத் தளநாயகனாக்கி, எல்லா ஊராரையும் எல்லா வாசல்களிலும் கலந்து நிறுத்த நங்கை இசைந்தாள். உள்ளே வருபவர் எவராயினும் தலைப்பாகையை அவிழ்த்துக் காட்டவேண்டும் என்பதும் காரியின் கட்டளை. ஊர்ப்பெரியவர்கள் கொதித்தெழுந்தார்கள். 'இந்த ஏற்பாட்டால் கேடு வந்தால் தலைமையைத் துறப்பேன்' என்று அவர்களுக்கு அவள் வாக்களித்திருந்தாள். இன்றுதான் அந்த ஏற்பாட்டின் முதல் நாள்.

"காரி பகைவனின் ஒற்றன், நங்கை! முகமறியாதவர்களைக் காவலில் நிறுத்துவது கள்ளன் நுழைவதற்குத்தானே?" என்று காலையில் ஓதிச் சென்றிருந்தான், அவளுக்கு மணம் பேசியிருந்த அத்தை மகன் எழினியன். பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் அவள் காரியை வேவு பார்க்கவே வந்திருந்தாள்.

ஆற்றங்கரையைப் பார்வையிட்டுத் திரும்பிய காரி, எவரும் கேட்குமுன்பே தலைப்பாகையை அவிழ்த்து உதறினான். 'நடிக்கிறான்!' என்றே அவளுக்குத் தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் அப்படித்தான்.

சற்றைக்கெல்லாம் படகிலிருந்து எழினியன் இறங்கினான். நீர்வாசலை அதுவரை காத்தவர்கள் அவன் ஊரார். தலைவிக்கு மணம் பேசிய தங்கள் பிள்ளையின் தலைப்பாகையைத் தொடுவது குலத்துக்கே இழுக்கு என்பவர்கள். இன்றோ வேற்றூர் வீரன் வேலைக் குறுக்கே நீட்டினான்.

"தலைப்பாகையை அவிழுங்கள், ஐயா."

"அடே! நான் யார் தெரியுமா?"

"தெரியாது, ஐயா. அதனால்தான் கேட்கிறேன்."

எழினியன் சீற்றத்துடன் மாடத்தை நோக்கினான். "நங்கை! இவனிடம் ஒரு வார்த்தை சொல்!"

அவள் நெஞ்சு அதைச் சொல்லத்தான் துடித்தது. ஆயினும் தான் இசைந்த கட்டளையை எண்ணி, "அவிழ்த்துவிடுங்கள், அத்தான். ஒரு கணந்தானே?" என்றாள்.

நிலவொளியில் அவன் முகம் வெளிறியது. வீரனைத் தள்ளிவிட்டு அவன் ஆற்றில் பாய, வீரன் எட்டிப் பிடித்த தலைப்பாகை கையோடு வந்தது. அதனுள்ளிருந்து புதிதாக வார்த்த சாவி ஒன்று கற்படியில் விழுந்தது. வீரன் பொருத்திப் பார்க்க, நீர்வாசல் பூட்டில் அது தடையின்றிச் சுழன்றது.

"ஐயோ, அத்தான்!" என்று அலறினாள் நங்கை. அவனோ அக்கரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தான்.

"உமக்கு முன்பே தெரியுமா, தளநாயகரே?"

"தெரியாது, தேவி. தெரிந்திருந்தால் அவரை மட்டும் சோதித்திருப்பேனே."

"நான் உம்மையல்லவா சந்தேகித்தேன்!"

"சந்தேகியுங்கள், தேவி. அதற்காகத்தான் நானும் அவிழ்த்தேன்."

நங்கை படியிறங்கினாள், வாசலைக் கடந்து வெளியே சென்று, திரும்பி வந்து, அந்த வீரனின் வேலுக்கு முன் நின்றாள். தன் கொண்டையைத் தானே அவிழ்த்தாள். காலையில் எழினியன் சூட்டிய தாழம்பூ கற்படியில் விழுந்தது.

"நன்றாகப் பார்த்துக்கொள், அப்பா. உயிருள்ளவரை இவ்வாசலில் கூந்தலை அவிழ்த்துக் காட்டாமல் நான் நுழையமாட்டேன். இது ஆணை!"